ஒரு சொல், இரண்டு தோட்டங்கள்

கம்பளையில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். ஊர் கேட்டால் புசல்லாவைப் பக்கமோ நாவலப்பிட்டிப் பக்கமோ ஒரு மலையைச் சொல்வார்கள். கொழும்பில் அதே சொல்லுக்கு வேறு பொருள். துறைமுகத்தையும் பண்டசாலைகளையும் நம்பி வந்த தொழிலாளர்களின் ஒற்றை அறை வரிசைகள், பொதுக் குழாய், பொது மலசலகூடம். சிங்களத்தில் 'வத்த', நம்மவர் வாயில் தோட்டம் அல்லது முடுக்கு. இரண்டு இடத்திலும் லயன் வாழ்க்கைதான். ஆயினும் ஒன்றுக்குக் கிடைத்த வாய்ப்பு மற்றதற்குக் கிடைக்கவில்லை.

கொழும்பு வாழைத்தோட்டத்தில் பிறந்தவர் ரணசிங்க பிரேமதாச. அவரது அரசியல் பற்றி எனக்குள்ள விமர்சனங்கள் இங்கு வேண்டாம். 1978இல் அவர் ஆரம்பித்த ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசே முன்னின்று கட்டியது, செலவு தாங்கவில்லை. 1984இல் வந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் முறையைத் தலைகீழாக்கியது. அரசு கடன் தரும், வழிகாட்டும், கட்டுவது குடியிருப்பாளர்.

யுனிசெப் உதவியுடன் 1979 முதல் கொழும்பு மாநகர சபை அமைத்துவந்த சமூக அபிவிருத்திச் சபைகள் இதற்குக் கைகொடுத்தன. அதிகாரிகளும் குடியிருப்பாளரும் ஒன்றாக அமர்ந்து, ஒழுங்கை எவ்வளவு அகலம், யார் சுவர் எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்று தீர்மானித்தனர். ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேர்ச்சஸ் நிலம். வழமையான கட்டட விதிப்படி அதில் வீடு கட்ட இயலாது. ஆகவே விதியைத் தளர்த்தினார்கள். நமது நிர்வாகத்தில் அபூர்வமான செயல் இது.

அடுத்து வந்தது சமுதாய ஒப்பந்தம்; ரூசோவினுடையது அல்ல. வடிகான், கிணறு, நடைபாதை போன்ற சிறு வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடாமல் குடியிருப்பாளர் சபைக்கே கொடுத்தார்கள். மதிப்பீடும் தொழில்நுட்ப உதவியும் அதிகாரசபையுடையவை. கூலி முடுக்கிலேயே தங்கியது. மிஞ்சும் இலாபம் சபையின் நிதியானது. தன் வாசலில் ஓடப்போகும் வடிகானில் சீமெந்தைக் குறைப்பவர் யார்? வாரம் ஐந்து ரூபா சேமிக்கும் பெண்கள் குழுக்கள் 1989இல் தோன்றி, பின்னர் பெண்கள் வங்கியாக வளர்ந்ததும் இதே மண்ணில்தான்.

பிரேமதாச முன்மொழிந்தபடி, ஐ.நா. 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. உலகம் கொழும்பைப் பார்க்க வந்தது. அதே 1987இல்தான் இலங்கையில் பிரதேச சபைகள் சட்டம் நிறைவேறியது. அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் பணம் செல்வதற்குத் தடையாயிற்று. கொழும்பின் தோட்டத்தில் குடியிருப்பாளரே வடிகான் கட்டிக்கொண்டிருந்தபோது, நமது தோட்டத்து லயனுக்கு வடிகான் கேட்கப் பிரதேச சபையின் வாசற்படி ஏறுவதில் பயனில்லை. நிலமோ குடியிருப்பவருக்கு உரியதல்ல. பலருக்கு அப்போது குடியுரிமையே இல்லை. அந்தக் கணக்கு 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகே தீர்ந்தது.

கொழும்பிலும் அந்தக் காலம் நீடிக்கவில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் சென்றது. முடுக்குவாசிகள் மாடிக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டனர்.

மலையகத்துக்கு அந்த முறை வந்து சேர முப்பது வருடங்களாயின. இந்திய உதவியில் 4,000 வீடுகள் கட்டும் வேலை 2016இல் தொடங்கியபோது, பயனாளியே கட்டுவது என்பதே ஏற்பாடு. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ். 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. புதிய வீட்டில் குடியேறிய பலர், காணி உறுதிக்காக அதன் பிறகும் காத்திருந்தார்கள்.