எழுத்து வந்தது, படம் வரவில்லை

பிபிசியின் டூம்ஸ்டே வட்டிலிருந்து எண்மத் தரவை மட்டும் பிரித்தெடுத்து, மடிக்கணினியில் பழைய பிபிசி மாஸ்டர் கணினியைப் போலச் செய்யும் எமுலேட்டரில் ஓட விட்டேன். ஊர்ப் பெயர்களும் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய குறிப்புகளும் வந்தன. ஒளிப்படம் வரவேண்டிய இடம் கறுப்பாகக் கிடந்தது. படங்கள் எங்கே போயின?

இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் 1086-இல் எடுத்த 'டூம்ஸ்டே' நிலக் கணக்கெடுப்பின் 900-ஆம் ஆண்டையொட்டி, 1986-இல் வெளிவந்தவை இந்த லேசர் வட்டுகள். பிரிட்டனை 4 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துப் பள்ளிகளிடம் ஒப்படைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கள் ஊரைத் தாங்களே பதிவு செய்தார்கள். அந்த முகங்களையும் தெருக்களையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் துப்பு ஒரு வகுத்தல் கணக்கில் கிடைத்தது. வட்டின் ஒரு பக்கத்தில் 324 மெகாபைட் தரவு, சுமார் 54,000 படச் சட்டகங்கள். சட்டகம் ஒன்றுக்கு 6 கிலோபைட்தான் தேறும். எழுத்துக்கும் அதிலேயே இடம் வேண்டும். படங்களைச் சுருக்கும் ஜேபெக் தரம் வெளியானதே 1992-இல். ஆகவே, வண்ணப் படங்கள் அந்தத் தரவுக்குள் இருக்க வழியே இல்லை.

அடுத்து, வட்டைச் சுழற்றிய பிலிப்ஸ் வி.பி. 415 கருவியின் தொழில்நுட்ப விவரங்களைத் தேடிப் படித்தேன். முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. ஒலிக்கான இடத்தில் தரவை வைத்திருக்கிறார்கள்; ஒளிப்படங்களும் நில வரைபடங்களும் தொலைக்காட்சி அலைகளாக, அனலாக் வடிவில் இருக்கின்றன. கணினி கேட்பது சட்டகத்தின் எண்ணை மட்டுமே. படத்தைத் திரைக்கு அனுப்புவதும், கணினியின் எழுத்தை அதன்மேல் பொருத்துவதும் அந்தக் கருவியின் வேலை. படம் கணினிக்குள் நுழைவதே இல்லை! கணினியை மட்டும் போலச் செய்யும் எமுலேட்டருக்கு அது எப்படித் தெரியும்?

லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கமிலியான் திட்டம், எமுலேட்டரில் படத்தையும் வரவைப்பதை 2002-இல் சாதித்தது. சட்டகங்களைத் தனியே எண்மமாக்கி, பீப்எம் எமுலேட்டருக்குள் அந்த வட்டுக் கருவியின் நடத்தையையும் எழுதிச் சேர்த்தார்கள். பின்னால் வந்த டூம்ஸ்டே86 திட்டம் இன்னும் அடிவரை போனது. லேசர் வாசிக்கும் மூல அலையையே 'டூம்ஸ்டே டூப்ளிகேட்டர்' கருவியால் பதிவு செய்து, படத்தையும் தரவையும் மென்பொருளால் பிரிக்கிறார்கள். இதுவே சிறந்த வழி என்பேன். பிரிக்கும் மென்பொருள் நாளை மேம்பட்டால், தேய்ந்த வட்டை மறுபடி சுழற்றத் தேவையில்லை.

1980-களில் 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினியும் பிபிசி மாஸ்டரின் குடும்பத்தைச் சேர்ந்த பிபிசி மைக்ரோதான். உங்கள் பள்ளி அலமாரியில் அந்தக் கணினியோ, ஃபிளாப்பியோ, உடன் வந்த கையேடோ இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.