‘ஹலோ, கேக்குதா?’

வறட்சி கடுமையாகி விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றும்போது, எங்கள் பழைய தெல்தெனியவின் அத்திவாரங்கள் சேற்றுக்குள்ளிருந்து தலைகாட்டும். கண்டியிலிருந்து ஆட்கள் படம் பிடிக்க வருவார்கள். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் கரையில் நின்று கையை நீட்டிச் சொல்வார்: “அது பசார். இது பஸ் நிக்கிற இடம். அந்தா, அந்தப் பக்கம்தான் தபால் கந்தோர்.”

அப்பாவுக்குப் பசாரில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. புறக்கோட்டையில் வெங்காயம் என்ன விலை போகிறது என்று கேட்க ட்ரங்க் கோல் எடுக்க வேண்டும். கந்தோரில் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கில் குந்தியிருப்பார். சில நாள் அரை மணித்தியாலம், சில நாள் பகல் சாப்பாடு தாண்டிவிடும். கடைசியில் “மொதலாளி, கோல் வந்துட்டு” என்று குரல் வரும். மூன்று நிமிடக் கணக்கு. அதில் பாதி “ஹலோ, கேக்குதா?” என்பதிலேயே கரைந்துவிடும். மலைக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்தால் அந்த மறுமுனைக் குரலும் போய்விடும். அப்பா திரும்பி வந்து தபாலதிபருக்கு ஏசுவார். அவர் மீது பிழையில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தபாலதிபர் ஏச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி, நாளைக்கு முதல் கோல் உங்களுக்குத்தான்” என்பார். அப்பா அதோடு ஆறிவிடுவார்.

அந்தக் காலத்தில் தபாலும் தொலைபேசியும் ஒரே திணைக்களம். 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி இழுத்த நாட்டில், 1980இல்தான் இரண்டையும் பிரித்தார்கள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுக்க ஆண்டுக் கணக்காகக் காத்திருப்பது நாடு முழுக்க வழக்கம். ஒருவருக்குத் தொலைபேசி கிடைத்தால், தெரு முழுக்க அவர் இலக்கத்தைத்தான் உறவினருக்குக் கொடுக்கும்.

பிறகு அணை வந்தது. 1985 ஏப்ரல் 12இல் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சர் வந்து விக்டோரியாவைத் திறந்து வைத்தபோது எங்கள் பசார் தண்ணீருக்குள். ஊர் கரலியத்தப் பக்கம் மேலே ஏறியது. அப்பாவின் கடை ஏறவில்லை. நான்தான் பல வருடங்களுக்குப் பிறகு, திகனை வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை போட்டேன்.

அது நல்ல காலம். 1989இல் செல்டெல் தென்னாசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவையை இங்கே தொடங்கியிருந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் திணைக்களம் கூட்டுத்தாபனமாகி, ஒழுங்குபடுத்தலுக்குத் தனி இடம் வந்தது. 1995இல் டயலொக் டிஜிட்டல் சேவையோடு வந்தது. அதே வருடம்தான் வர்த்தக ரீதியான இணையமும். 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 வீதத்துக்குச் சற்று அதிகமான பங்கை ஜப்பானின் என்.டி.டி. வாங்கியது. இந்தப் பெரிய செய்திகளெல்லாம் என் கடையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு ஐ.டி.டி. மீற்றர் என்று வந்து சேர்ந்தன.

அந்த மீற்றரின் சிவப்பு இலக்கங்களை நான் மறக்கமாட்டேன். புருசன் குவைத்தில், மகள் ரியாத்தில் என்று வருகிற பெண்கள் முகத்தை மீற்றரின் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவார்கள். இலக்கம் ஓட ஓடப் பேச்சு வேகமாகும். அழுவதற்குக் காசு போதாது. போனை வைத்த பிறகுதான் அழுவார்கள்.

கைத்தொலைபேசிக்கு ஆரம்பத்தில் வருகிற கோலுக்கும் காசு. அதனால் ஊரே மிஸ்ட் கோலில் பேசியது. ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் கண்டிக்கு வந்துவிட்டேன். தவறிப்போய் யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை.

ரீலோட் வந்ததும் முறைப்பாட்டின் மொழி மாறியது. முன்பு “கேக்குதில்ல” என்று வந்தவர்கள் இப்போது “காசு வெட்டிட்டான்” என்று வந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி நூறு ரூபா போட்டுக்கொண்டு போவார். மூன்றாம் நாள் வந்து, “தம்பி, நான் யாருக்கும் பேசல்லயே” என்பார். பார்த்தால், கேட்காமலே ஏதோ சோதிடச் சேவை ஏறியிருக்கும். கம்பனிக்கு எடுத்தால் முதலில் பாட்டு, பிறகு எந்த மொழி என்று கேள்வி, பிறகு இலக்கங்கள், பிறகு மறுபடியும் பாட்டு. பாட்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். காசு வாங்கியவன் நான்தானே! தபாலதிபர் வாங்கிய ஏச்சு முப்பது வருடம் கழித்து என் கவுண்டருக்கு வந்துவிட்டது. நாளைக்கு முதல் கோல் தருகிற அதிகாரம் மட்டும் என்னிடம் இல்லை.

எங்கள் மலைக்கும் இந்த முறைப்பாடுகளில் பங்கு உண்டு. கோபுரத்துச் சமிக்ஞை நேரே போகிற சாதி. குறுக்கே மலை நின்றால் அந்தப் பக்கம் இருட்டு. 1815இல் கண்டியின் கடைசி மன்னர் ஒளிந்திருந்து பிடிபட்டது மெதமஹநுவரப் பக்கத்தில். அந்தப் பள்ளங்களில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மன்னர் நல்ல இடம்தான் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எங்கள் ஊரில் கேட்காமல் போன மிகப் பெரிய முறைப்பாடு சிக்னலைப் பற்றியதல்ல. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி, மார்ச் ஆரம்பத்தில் இறந்தார். அதைச் சாட்டாக வைத்து, 5ஆம் திகதி திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தீயில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 6இல் அவசரகால நிலை. 7இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது; கண்டி மாவட்டத்தில் இணையமே கட்டுக்குள் வந்தது. ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் கடையைப் பாதி திறந்தேன். “டேட்டா போட்டும் வேலை செய்யுதில்ல” என்று ஆட்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை பேரும் டேட்டா கேட்டார்கள். பழைய ட்ரங்க் கோல் காலம் போல, என் கடைத் தொலைபேசியை ஒவ்வொருவராக எடுத்து, “ஹலோ, கேக்குதா?” என்றார்கள்.

தடை 15ஆம் திகதி முழுதாக நீங்கியது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளை ஆட்கள் பேஸ்புக்குக்கு முறையிட்டும், அவை விதிகளை மீறவில்லை என்று பதில் வந்த கதை பிறகுதான் வெளியே வந்தது. இங்குள்ள மொழி தெரிந்து வாசிக்க அங்கே போதிய ஆட்கள் இல்லை. 2020 மே மாதம் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கடை எரிந்தவர்கள் சிலர் அதற்குள் கண்டிக்கே குடிபோய்விட்டார்கள்.

அதே வருடம் கொரோனாவால் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தது. அடுத்த வருடம், ஊவாப் பக்கம் பிள்ளைகள் காட்டு வழி நடந்து பாறை மேல் ஏறிப் படித்த படங்கள் உலகமெல்லாம் போயின. என் கடைப் படியிலும் நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள். பெக்கேஜில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கலாம் என்ற கணக்கை, பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பிறகு 2022. மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. கோபுரத்து பெற்றரி இறங்கினால் சிக்னலும் இறங்கும். அந்த செப்டம்பர் 5 முதல் கட்டணம் 20 வீதம் கூடியது.

இப்போது கவுண்டருக்குக் கீழே ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். யார் வந்து என்ன சொன்னாலும் கம்பனிக்கு எடுத்து, அவர்கள் தருகிற முறைப்பாட்டு இலக்கத்தைத் திகதியோடு எழுதிக்கொள்வேன். சரி வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900க்கு எடுப்போம். தீர்ந்தால் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. சிவப்புப் பேனை நீண்ட நாளைக்கு வரும் போலிருக்கிறது.

போன கிழமை ஒரு பெண் பிள்ளை வந்தாள். ரௌட்டர் ஒன்பது நாளாக வேலை செய்யவில்லை, மாதக் கட்டணம் மட்டும் வந்திருக்கிறது. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டோம். இலக்கம் கிடைத்தது. எழுதினேன். நேற்றுத் திரும்பி வந்து கேட்டாள்:

“அங்கிள், கேட்டாங்களா?”

கொப்பியைத் திருப்பி அவளிடம் காட்டினேன். அவளுடைய பெயருக்குக் கீழே இன்னும் மூன்று பெயர்கள் சேர்ந்திருந்தன.