தமிழகத்தில் ரோமானியச் செப்புக் காசுகள்: உருவங்களும் எழுத்துகளும்

தமிழகத்தில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் என்றதும் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் பொன், வெள்ளிக் காசுகளே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரை, திருக்கோவிலூர் பகுதிகளிலும் சிறு செப்புக் காசுகளும் கிடைத்துள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து 1994-இல் தனி நூல் வெளியிட்டார்.

முன்பக்கம்

முத்துக் கோத்த தலைப்பட்டம் அணிந்த பேரரசரின் மார்பளவு உருவம் காணப்படும். அதைச் சுற்றி இலத்தீன் எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டு எழுத்துகள் 'தோமினஸ் நோஸ்டர்' என்பதன் சுருக்கம். 'நம் தலைவர்' என்பது பொருள். அடுத்துப் பேரரசரின் பெயரும், இறுதியில் 'அகஸ்டஸ்' என்னும் பட்டமும் வரும்.

பின்பக்கம்

ஒரு வகைக் காசில் சிறகுடைய வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். அதில் 'சாலுஸ் ரெய்புப்ளிகே' (நாட்டின் நலம்) என்று பொறித்திருக்கும். அருகிலேயே கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் இரு கிரேக்க எழுத்துகள் பின்னி நிற்கும். பழைய தேவதையும் புதிய சமயத்தின் சின்னமும் ஒரே காசில் இடம்பெற்ற காலம் அது. காசின் அடியில் அது அடிக்கப்பட்ட ஊரின் பெயர் சுருக்கமாக இருக்கும். அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா போன்ற ஊர்களில் அக்கசாலைகள் இருந்தன.

படமே காலம் சொல்லும்

எழுத்து தேய்ந்தாலும் உருவம் உதவும். மூன்று பேரரசர்கள் நிற்கும் காசில் நடுவில் இருப்பவர் உருவில் சிறியவர். அவரே சிறுவனான இரண்டாம் தியோடோசியஸ். மற்ற இருவர் ஆர்காடியஸ், ஹொனோரியஸ். சிறுவன் பேரரசனாக அறிவிக்கப்பட்டது கி.பி. 402-இல், ஆர்காடியஸ் இறந்தது 408-இல். எனவே அக்காசு இந்த ஆறு ஆண்டுகளுக்குள் அடிக்கப்பட்டது என்று உறுதியாகக் கூறலாம்.

ஏன் முக்கியம்?

பொன் வரத்து குறைந்த பிறகும் ரோமானிய உலகத்துடன் தமிழகத்தின் தொடர்பு அற்றுப்போகவில்லை என்பதற்கு இக்காசுகள் சான்று. இலங்கையிலும் இவை மிகுதியாகக் கிடைத்துள்ளன. அங்கு இவற்றைப் பார்த்து உள்ளூரிலும் காசுகள் செய்தனர்.

பொன் காசைக் கண்டவர் பத்திரப்படுத்துவார். களிம்பேறிய செப்புக் காசோ பழைய உலோகத்தோடு உருக்கப்பட்டுவிடும். புளியிட்டுத் தேய்த்தால் எஞ்சிய எழுத்தும் அழியும். ஆகவே இத்தகைய காசு கிடைத்தால் தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து, வருவாய்த் துறையினரிடமோ தொல்லியல் துறையினரிடமோ ஒப்படைக்க வேண்டும். கிடைத்த இடம் தெரியாத காசு பாதி வரலாற்றை இழந்துவிடுகிறது.