லீஸும் ரிலீஸும்

ஆங்கிலத்தில் ‘லீஸ்’ என்றும் ‘ரிலீஸ்’ என்றும் இரு சொற்கள் உள. முன்னதன் தலையில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் பின்னது பிறக்கும். ‘தளர்த்துதல்’ எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து, பிரெஞ்சு மொழி வழியே வந்தவை இவை. ஆயினும், சட்டத்தில் இவற்றின் பொருள் வேறு வேறு. இவ்வேறுபாட்டை விளக்க, அகராதியினும் சிறந்த சான்று கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறே என்பது என் கருத்து.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புவதற்காக, 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது. அணைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் வேண்டிய நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டுதோறும் ஐந்து ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்கு ஆங்கில அரசுக்கு அது ‘லீஸ்’ அளித்தது. லீஸ் என்பது குத்தகை. நிலத்தின் உடைமை உரியவரிடமே நிற்கும். பயன்கொள்ளும் உரிமை மட்டும் கைமாறும். பென்னிகுவிக் தலைமையில் அணை எழுந்தது. 1895-இல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் பள்ளத்தாக்கை அடைந்தது.

‘ரிலீஸ்’ என்பதோ, ஓர் உரிமையை அறவே விட்டுவிடுதல். பத்திரப் பதிவில் இதனை ‘விடுதலைப் பத்திரம்’ என்பர். 999 என்னும் பெரிய எண்ணைக் கண்டு, திருவிதாங்கூர் நிலத்தையே விட்டுவிட்டது என எண்ணுவோர் உளர். அது தவறு. நிலம் கேரளத்தினுடையது, ஆகவே தமிழகத்துக்கு அங்கு உரிமையே இல்லை என்பாரும் உளர். அதுவும் தவறே. குத்தகை உரிமையும் சட்டம் காக்கும் உரிமையே ஆகும்.

இவ்விரு செயல்களையும் ஒருங்கே காட்டுவது 1970 மே 29-ஆம் நாள் செய்த துணை ஒப்பந்தம். அதன்படி குத்தகை நீடித்தது. வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. இது லீஸ். நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமிழகம் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. இது பொருளால் ரிலீஸ். 1886-ஆம் ஆண்டு ஒப்பந்தம் செல்லும் என்று 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ரிலீஸ் என்பதற்கு உழவர் அறிந்த பொருள் பிறிதொன்று: அணையிலிருந்து நீர் திறத்தல். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதனையே நம்பியிருக்கிறது. லீஸ் நிலைத்திருப்பதனாலன்றோ ஆண்டுதோறும் இந்த ரிலீஸ் நிகழ்கிறது!

தமிழிலும் ‘குத்தகைக்கு விட்டார்’, ‘உரிமையை விட்டார்’, ‘தண்ணீர் விட்டார்’ என மூன்றிடத்தும் ‘விடு’ என்னும் ஒரே வினை நிற்கக் காண்கிறோம். ஓர் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, விட்டது எது, விடாது வைத்துக்கொண்டது எது என்று கேளுங்கள். இரண்டு மாநிலங்களின் வழக்கும் அக்கேள்வியில் அடங்கும்.