குதிரை லாயத்தில் தொடங்கிய பள்ளி

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே, தென் ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சந்திக்கும் எல்லைக்கு அருகில், பெனோலா என்றொரு சிற்றூர் இருக்கின்றது. இன்று அதன் சுற்றுப்புறம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. நாம் பேசப்போகும் காலத்தில், அதாவது 1860-ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில், அது ஆட்டு மந்தைகளின் ஊர். பெரிய பண்ணைக்காரர் சிலர்; அவர்களிடம் கூலி வேலை பார்த்தவர் பலர். பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியை இருப்பார். கூலிக்காரர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஒருவரும் இல்லை.

பல்கலைக் கழகங்களின் வரலாற்றை எழுதப் புலவர் பலர் இருக்கின்றனர். அகர வரிசை கற்பிக்கும் சிறு பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் சிலரே. ஆனால் ஒரு நாட்டின் ஏழை மக்கள் தம் மக்களுக்காக எதனைத் தியாகம் செய்தனர் என்று அறிய விரும்பும் மாணவர், இச்சிறு பள்ளிகளின் கணக்குப் புத்தகங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளின் கதை அத்தகையது. அக்கதை முழுவதிலும் ஒரே கேள்வி தொடர்ந்து வருகின்றது: பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கொடுப்பவர் யார்?

பெனோலாவின் பங்குக்குருவாக இருந்தவர் ஜூலியன் டெனிசன் உட்ஸ் என்பவர். அவருடைய பங்கின் பரப்பு ஏறத்தாழ 22,000 சதுர மைல். குதிரை மீதேறி அவ்வளவு நிலத்தையும் சுற்றி வந்த அவர், வழியில் கண்ட பாறைகளையும் குகைகளையும் ஆராய்ந்து, 1862-இல் தென் ஆஸ்திரேலியாவின் நிலவியல் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். குடிசைதோறும் எழுத்தறியாத பிள்ளைகளைக் கண்டதும் அப்பயணங்களில்தான்.

அவ்வூருக்கு 1860-இல் வீட்டாசிரியையாக வந்து சேர்ந்தார் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர். மேரி மக்கிலப் என்பது அவர் பெயர். 1842-இல் மெல்போர்னை அடுத்த ஃபிட்ஸ்ராயில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர். தந்தையார் கல்வியுடையவர், ஆனால் பொருளீட்டும் திறன் அவருக்கு வாய்க்கவில்லை. குடும்பம் அடிக்கடி உறவினர் வீடுகளை அண்டி வாழ நேர்ந்தது. ஆகவே இளமையிலேயே உழைத்து வீட்டைத் தாங்கும் பொறுப்பு மேரியின் தலையில் விழுந்தது. பெனோலாவில் அவர் தம் அத்தையின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவர். அப்பண்ணையில் வேலை செய்தோரின் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக் கற்பித்தார். வறுமை இன்னதென்று ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர் அவர் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் அதுவே விளக்கம்.

சில ஆண்டுகள் வேறிடங்களில் பணியாற்றிய பின், உட்ஸ் அழைத்ததன் பேரில் 1866-இல் அவர் பெனோலாவுக்குத் திரும்பினார். தங்கையர் இருவரும் உடன் வந்தனர். பள்ளிக்குக் கட்டடம் இல்லை. வழக்கொழிந்து கிடந்த ஒரு குதிரை லாயம் கிடைத்தது. மேரியின் தம்பி தச்சு வேலை செய்து அதனைப் பழுது பார்த்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வந்து அமர்ந்தனர். அவ்வாண்டு மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று, மேரி எளிய கறுப்பு உடை அணிந்து தம் வாழ்வைத் துறவுக்கு ஒப்படைத்தார். தச்சராய் உழைத்து வாழ்ந்த சூசையப்பரின் பெயரையே புதிய சபைக்கும் சூட்டினர். 1867-இல் பெனோலாவில் கல்லால் ஆன பள்ளிக்கூடம் எழுந்தது; அது இன்றும் நிற்கின்றது. அதே ஆண்டில் மேரி தென் ஆஸ்திரேலியத் தலைநகரான அடிலெய்டுக்குச் சென்றார்.

இச்சகோதரிகளின் பள்ளி எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் அது அக்காலத்து வழக்கத்துக்கு மாறானது. ஐரோப்பாவில் கன்னியர் என்போர் உயர்ந்த மதில் சூழ்ந்த மடங்களில் வாழ்வோர். அங்கே செல்வர் வீட்டுப் பெண்கள் தங்கிப் படிப்பர். அவர்கள் செலுத்தும் கட்டணத்தால் மடம் நடைபெறும். சூசையப்பர் சபைச் சகோதரிகளோ இருவர் மூவராகப் பிரிந்து, கூலிக்காரரின் குடிசைகளைப் போன்ற வாடகை வீடுகளில் குடியிருந்தனர். சுரங்கம் தோண்டுவோர் எங்கே கூடாரமிட்டனரோ, இருப்புப்பாதை போடுவோர் எங்கே சென்றனரோ, அங்கெல்லாம் பின்தொடர்ந்து சென்றனர். கட்டணம் கொடுக்க இயன்ற பெற்றோர் சிறிது கொடுத்தனர். இயலாதவர் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்த பணத்துக்குச் சகோதரிகள் வீடு வீடாகச் சென்று யாசித்தனர்.

பாடத் திட்டமும் அப்படியே. வாசித்தல், எழுதுதல், கணக்கு, சிறிது கணக்குப் பதிவு, தையல், மறைக்கல்வி. கூலிக்காரர் மகன் நாளை ஒரு கடையிலோ பண்ணையிலோ வேலைக்குச் சேர்ந்தால் எது பயன்படுமோ அதுவே பாடம். இசைக்கருவி கற்பிப்பதைத் தொடக்கத்தில் இச்சபையார் மறுத்துவிட்டனர். பியானோ வாசிப்பு செல்வர் வீட்டுப் பெண்களுக்கு அணிகலன் போலக் கருதப்பட்ட காலம் அது; அதற்கு நல்ல வருமானமும் உண்டு. மேற்றிராணியார் சிலருக்கு இம்மறுப்பு பிடிக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இசை வேண்டாம் என்று சொல்லலாமா என்று இன்று நாம் கேட்கத்தான் செய்வோம். ஆனால் பியானோவுக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கினால், கட்டணம் கொடுப்பவர் பிள்ளைக்கே பள்ளியில் முதலிடம் கிடைக்கும் என்ற அச்சமும் பொருளற்றதன்று.

சபை வியக்கத்தக்க விரைவில் வளர்ந்தது. 1871-க்குள் 120-க்கு மேற்பட்ட சகோதரிகள் தென் ஆஸ்திரேலியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் பள்ளிகளை நடத்தினர். வளர்ச்சியோடு பூசலும் வந்தது. இப்பள்ளிகளையும் சகோதரிகளையும் ஆளும் உரிமை அந்தந்த ஊர் மேற்றிராணியாருக்கா, சகோதரிகளே தேர்ந்தெடுக்கும் தலைவிக்கா என்பதுதான் பூசலின் அடிப்படை. 1871 செப்டம்பர் 22-ஆம் நாள், கீழ்ப்படியாமை என்ற குற்றம் சாட்டி, அடிலெய்டு மேற்றிராணியார் ஷீல் மேரியைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். சகோதரியருள் 47 பேர் வெளியேற்றப்பட்டனர். பள்ளிகள் பல மூடப்பட்டன. கத்தோலிக்கர் அவர்களுடன் பேசவும் அஞ்சிய அவ்வேளையில், தங்குவதற்கு வீடு கொடுத்தவர் எமானுவேல் சாலமன் என்ற யூத வணிகர். மதம் பிரித்த பள்ளிகளின் வரலாற்றில் இந்நிகழ்ச்சி தனியே நின்று ஒளிர்கின்றது.

ஐந்து மாதங்கள் கழிந்தன. நோயுற்று மரணப் படுக்கையில் கிடந்த ஷீல், 1872 பிப்ரவரியில் விலக்கத்தை நீக்கினார். மறு ஆண்டு மேரி ரோமாபுரிக்குப் பயணமாகிப் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரைக் கண்டார். தலைவியின் கீழ் சபை ஒன்றுபட்டு இயங்கலாம் என்ற இசைவு கிடைத்தது. ஆனால் சபைக்குச் சொத்து இருக்கலாகாது என்று உட்ஸ் வகுத்திருந்த கடும் விதியை ரோமாபுரி தளர்த்திவிட்டது. உட்ஸ் மனம் புண்பட்டார். இருவரின் நட்பும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1888-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் சபையை முடிவாக அங்கீகரித்தார். மேரி 1909-இல் வட சிட்னியில் காலமானார். அவரை விலக்கிய அதே திருச்சபை, 2010-இல் ஆஸ்திரேலியாவின் முதல் புனிதையாக அவரை அறிவித்தது.

இனி அரசாங்கத்தின் பக்கம் திரும்புவோம். உதவி பெறும் பள்ளி என்ற சொல் நம் மாணவர்க்குப் பழகியதே. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலும் முன்னர் மதச் சபைகளின் பள்ளிகள் அரசாங்கப் பணம் பெற்று வந்தன. அது படிப்படியாக நின்றது. விக்டோரியா 1872-இல் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்விக்குச் சட்டம் செய்தது. நியூ சவுத் வேல்ஸில் ஹென்றி பார்க்ஸ் 1880-இல் கொண்டுவந்த சட்டத்தால், 1882-ஆம் ஆண்டு முடிவோடு மதப் பள்ளிகளுக்கான உதவி ஒழிந்தது. மேற்கு ஆஸ்திரேலியா கடைசியாக 1895-இல் அவ்வழி சென்றது. சட்டம் செய்தோர் கொடியர் அல்லர். எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தால், பழைய நாட்டிலிருந்து கொண்டுவந்த பகைமைகள் இங்கே வேரூன்றா என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையில் உண்மை உண்டு. அந்நாட்டுக் கத்தோலிக்கரோ பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். மக்கள் தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர். தம் மதத்தை மெல்ல அழிக்கும் சூழ்ச்சியாகவே அவர்கள் அதனைக் கண்டனர். அரசாங்கப் பள்ளிக்காக வரியும் செலுத்தி, தம் பள்ளிக்காகச் சந்தாவும் செலுத்துவது என்று முடிவு செய்தனர்.

இரண்டையும் செலுத்திய மக்களை நாம் பாராட்டலாம். ஆனால் அவர்கள் செலுத்தியது மட்டும் போதியிருக்காது. ஊதியமின்றி, உணவுக்கும் உடைக்கும் மட்டுமே போதுமான சிறு தொகையில், வாழ்நாள் முழுவதும் உழைத்த பல்லாயிரம் கன்னியரின் உழைப்பே உண்மையான மூலதனம். அவ்வுழைப்பு எந்த அரசாங்கத்தின் கணக்கிலும் ஏறவில்லை.

பணமில்லாமை ஒரு விந்தையையும் செய்தது. பள்ளி ஊராருக்கே சொந்தமாயிற்று. சுவர் எழுப்பவும் வண்ணம் பூசவும் தந்தையர் ஓய்வு நாளில் கூடினர். தாய்மார் பலகாரம் செய்து விற்றனர். பள்ளிச் சந்தை, குலுக்கல் சீட்டு, நடன நிகழ்ச்சி என்று ஆண்டு முழுவதும் பணம் திரட்டும் வேலைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி, மால்ட்டா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து குடும்பங்கள் வந்து குவிந்தன. ஒரே சகோதரி எண்பது, நூறு பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினார். அவருள் ஆங்கிலம் அறியாதவரும் பலர். வினாவும் விடையுமாக அமைந்த மறைக்கல்விச் சிறு நூலை எல்லோரும் ஒரே குரலில் ஒப்பித்தனர். பெருக்கல் வாய்ப்பாடும் அவ்விதமே. நூறு பேரை ஓரிடத்தில் அமரச் செய்ய அதைவிட வேறு வழி இல்லை. ஒப்பித்தலைக் குறை கூறும் கல்வியாளர், அவ்வகுப்பறையில் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இவ்வாறு இழுத்துப் பிடித்த கயிறு, கோல்பர்ன் என்ற ஊரில் அறுந்தது. நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டு நகரமாகிய கோல்பர்னுக்கு இரக்கத்தின் சகோதரிகள் 1859-இலேயே வந்து பள்ளி நடத்தியவர்கள். 1962-இல் அங்கிருந்த இரக்கத்தின் அன்னை தொடக்கப் பள்ளியைப் பார்வையிட்ட அதிகாரிகள், கூடுதலாக மூன்று கழிப்பறைகள் கட்டியாக வேண்டும் என்றனர். கோரிக்கை நியாயமானதே, பிள்ளைகளின் நலத்துக்கானதே. ஆனால் கட்டப் பணம் இல்லை, அரசாங்கமும் தராது. 1950-இல் மத்திய அரசாங்கம் இயற்றிய ஒரு சட்டத்தால் தனியார் பள்ளிச் சிறுவர்க்கும் இலவசப் பால் கிடைத்தது. பால் தரலாம், கழிப்பறை தரலாகாது என்ற நியாயம் ஊராருக்கு விளங்கவில்லை.

ஜூலை 9-ஆம் நாள் சுமார் 700 பேர் கூடிப் பேசினர். ஊரிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகளையெல்லாம் மூடிவிட்டு, பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிகளுக்கே அனுப்புவது என்று முடிவாயிற்று. நம் பள்ளி இல்லாவிட்டால் உமக்கு என்ன செலவாகும் என்பதை எண்ணிப் பாரும் என்று அரசாங்கத்துக்குக் காட்டும் முறை இது. ஜூலை 16, திங்கட்கிழமை காலை, தம் பள்ளிச் சீருடையோடே பிள்ளைகள் அரசாங்கப் பள்ளி வாயில்களில் வரிசையாக நின்றனர். இடம் கிடைத்தது 640 பேருக்கு. மற்றையோர் வீடு திரும்பினர். ஒரு வாரத்தில் போராட்டத்தை நிறுத்திக்கொண்டு பள்ளிகளைத் திறந்துவிட்டனர். உடனடியாகக் கைக்கு எட்டியது ஒன்றுமில்லை. ஆனால் நாடு முழுவதும் அந்த வாரத்தில் வேறொன்றைப் பற்றிப் பேசவில்லை.

மறு ஆண்டு நவம்பரில் பொதுத் தேர்தல். தலைமை அமைச்சர் மென்சிஸ், மதப் பள்ளி, அரசாங்கப் பள்ளி என்ற வேறுபாடின்றி உயர்நிலைப் பள்ளிகளுக்கு அறிவியல் கூடங்கள் கட்ட ஆண்டுக்கு 50 இலட்சம் பவுன் தருவதாக வாக்களித்தார், வென்றார், 1964-இல் சட்டமும் இயற்றினார். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. போராடியது தொடக்கப் பள்ளியின் கழிப்பறைக்காக. கிடைத்தது உயர்நிலைப் பள்ளியின் ஆய்வுக் கூடம். விண்வெளிப் போட்டி நடந்த காலமாதலின் அறிவியலுக்கு வாக்குகள் உண்டு. சிறுவர் கழிப்பறைக்கு யார் வாக்களிப்பர்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசாங்கம் பணம் தரத் தொடங்கியது 1970-இல்தான். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 35 டாலர். உயர்நிலை மாணவருக்கு 50 டாலர். அதற்குள் கன்னியரின் தொகை குறைந்து வந்தது. அவரிடத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர் அமர்ந்தனர். 1973-இல் பள்ளிகளின் தேவையை அளந்து பணம் பகிரும் முறை வகுக்கப்பட்டது. அரசியல் சட்டத்தின் 116-ஆவது பிரிவுக்கு இவ்வுதவி மாறானது என்று வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. 1981-இல் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எழுவருள் அறுவர், உதவி செல்லும் என்று தீர்ப்பளித்தனர். ஒருவர் மட்டும் மாறுபட்டார்.