வீடு யார் பேரில்?

பாலிஅமரி பற்றி நாங்கள் கதைக்கத் தொடங்கினால், கதை கடைசியில் உடம்பில்தான் வந்து நிற்கும். துணைக்கு இன்னொரு காதலும் இருக்கு என்று அறிந்ததும் நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. மூச்சை ஆழமா எடு, நரம்பு மண்டலம் அமைதியாகும் என்பார்கள். சரிதான். ஆனால் அந்தப் படபடப்பு முழுக்கப் பொறாமையா? 'விட்டுட்டுப் போனா எங்க இருப்பன்?' என்ற பயமும் அதுக்குள்ள கிடக்கு.

உறவும் வீடும் சேர்ந்தே வந்த வரலாறு எங்கட தீவில் உண்டு. மலைக்கு அங்கால், கண்டிச் சிங்களவரிடம் சகோதரர்கள் ஒரே மனைவியோடு வாழும் வழக்கம் இருந்தது. 'ஒரே வீட்டில் உண்ணுதல்' என்பதே அதன் பெயர். காணி துண்டாகாமல் இருக்கவும் அது உதவியது. 1859இல் பிரித்தானியர் அதைச் சட்டத்தால் தடுத்தார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் குடி தாய்வழி. தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். தாயும் சகோதரிகளும் பக்கத்து வளவில். உறவு ஆடினாலும் கூரை ஆடாது. இது சுதந்திரக் காதலின் பொற்காலம் இல்லை: ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது, சீதன வீடு கட்டியே பெற்றோர் களைத்துப்போவார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு வந்த வீடுகள் பலவற்றின் உறுதி 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பேரில் எழுதப்பட்டது. பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்துக் கேட்டன.

எத்தனை பேரைக் காதலிப்பது என்று பிறகு கதைப்போம். முதலில் உறுதியை எடுத்து, யார் பேர் இருக்கு என்று பார்ப்போம்.