சுடுதளமும் சிமுலேட்டரும்: படைப்பயிற்சி முதலீடு பற்றித் திருச்சியிலிருந்து ஓர் ஒப்பாய்வு

திருச்சிக்குத் தென்கிழக்கே நவல்பட்டுப் பக்கம் மத்திய அரசின் இரண்டு படைக்கல ஆலைகள் இருக்கின்றன. 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை ரைபிள்களும் இயந்திரத் துப்பாக்கிகளும் செய்கிறது. 20 மி.மீ. வரையான குண்டைச் சுடும் ‘வித்வன்சக்’ கனரக ரைபிள் அதன் பெயர்பெற்ற தயாரிப்பு. எச்ஏபிபி என்று ஊரார் சொல்லும் மற்றொரு ஆலை, எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் ஊசியைச் செய்கிறது. இங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு ஆயுதத்தையும் யாரோ ஒரு வீரர் கையாளக் கற்றாக வேண்டும். அந்தக் கல்விக்கான பணத்தை எப்படிப் பங்கிடுவது?

பாதுகாப்பு அமைச்சகம் 2021 செப்டம்பரில் ஒரு கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டது. முப்படைகளின் பயிற்சியிலும் சிமுலேட்டர்களின் பங்கைப் பெருக்க வேண்டும், அவற்றை இந்திய நிறுவனங்களே செய்ய வேண்டும், இயக்கத்தையும் பராமரிப்பையும் அவற்றிடமே ஒப்படைக்கலாம் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 2019 ஜனவரி 20 அன்று, தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம் ஆகியவற்றோடு திருச்சியும் அதன் ஐந்து முனைகளில் ஒன்று. ஆகவே சிமுலேட்டர் முதலீடு பற்றிய கேள்வி டெல்லி அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. இந்த ஊரின் பட்டறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

சிமுலேட்டர் சுடுதளத்தைவிட மலிவானது, எனவே அதை வாங்குவோம் என்ற வாதம் எளிதாகச் சொல்லப்படுகிறது. அது பாதிதான் சரி. இரண்டும் கற்பிப்பவை வெவ்வேறு. எந்தத் திறமையை எங்கே கற்பிப்பது என்று பிரித்துப் பார்க்காமல் போடும் முதலீடு, விலை குறைவாக இருந்தாலும் வீண்தான்.

துப்பாக்கி பிடிக்கும் கை

சுடுதளத்தில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? விடியற்காலையில் வண்டி ஏறிப் போக வேண்டும். சிவப்புக் கொடி ஏற்றி, காவல் நிறுத்தி, குண்டுகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். சுட்டபின் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒரு வரிசை சுடும்போது மற்றவர்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். ஒரு வீரர் உண்மையில் சுடும் நேரம் அந்த நாளில் மிகச் சிறிது. அவர் ஏன் குறி தவறினார் என்பதை இலக்குத் தாளில் விழுந்த துளைகளை வைத்துப் பயிற்றுநர் ஊகிக்க வேண்டும். மூச்சை அடக்கவில்லையா, விசையை வெடுக்கென்று இழுத்தாரா, தோள் தளர்ந்ததா என்று துளை சொல்லாது.

சிமுலேட்டர் வலுவாக நிற்பது இந்த இடத்தில்தான். துப்பாக்கியில் பொருத்திய லேசர், சுடுவதற்கு முந்தைய வினாடிகளில் குழல்முனை எப்படி அலைந்தது என்று திரையில் கோடாக வரைந்து காட்டுகிறது. விசையை அழுத்தும்போது கை நடுங்கினால் அந்த நடுக்கமும் பதிவாகும். தவறை அப்போதே திருத்தி, அடுத்த நிமிடமே மீண்டும் சுடச் சொல்லலாம். இருட்டு, மழை, கூட்ட நடுவே ஒரே ஒரு ஆயுததாரி, சுடாமல் நிதானிக்க வேண்டிய தருணம் ஆகியவற்றைச் சுடுதளத்தில் அமைப்பது கடினம். திரையில் எளிது.

ஆனால் உண்மைக் குண்டின் ஓசையும் அதிர்வும் திரையில் இல்லை. அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு ரைபிளின் உதைப்பை ஓரளவு போலச்செய்யலாம். வித்வன்சக் போன்ற ஆயுதத்தின் உதைப்பை அப்படிக் காட்ட முடியாது. ஒரு துப்பாக்கியின் குறியைச் சரிப்படுத்துவது உண்மைக் குண்டால்தான் இயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கையில் இருப்பது உயிரைப் பறிக்கும் பொருள் என்ற உணர்வு அங்கேதான் வருகிறது. திரையில் நூறு முறை ‘செத்து’ எழுந்தவர் மறைவிடம் தேடாமல் நடக்கப் பழகிவிடுவார். சிமுலேட்டர் தவறான பழக்கத்தையும் கற்பிக்கும் என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு குண்டின் விலை

டாங்கிப் பயிற்சியில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். டங்ஸ்டன் தூளை நிக்கல், இரும்புத் தூளோடு கலந்து அழுத்தி, 1,400 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் இறுக்கி, அடித்து நீட்டிக் கடைந்து எடுத்தால்தான் ஓர் ஊசி. டங்ஸ்டனில் பெரும்பகுதியைத் தோண்டி எடுப்பது சீனா. இந்தியா இறக்குமதியை நம்பியிருக்கிறது. வினாடிக்கு 1,600 மீட்டருக்கும் மேலான வேகத்தில் குழலை விட்டுப் பாயும் அந்தக் குண்டு, ஒவ்வொரு முறையும் குழலின் உட்சுவரைத் தின்கிறது. சில நூறு குண்டுகளில் குழல் மாற்ற வேண்டிவரும். பயிற்சிக்கென்று விலை குறைந்த எஃகுக் குண்டுகள் உண்டு. அப்போதும் டாங்கி நகர வேண்டும், எரிபொருள் எரிய வேண்டும், பரந்த வெளி வேண்டும்.

எனவே இலக்கைக் கண்டுபிடிப்பது, தூரத்தை அளப்பது, குண்டின் வகையைத் தேர்வது, ஆணையும் பதிலும் பரிமாறுவது ஆகியவற்றைச் சிமுலேட்டரில் ஆயிரம் முறை செய்துவிட்டு, உண்மைக் குண்டுகளைக் கடைசித் தேர்வுக்கு வைத்துக்கொள்வதே முறை. எச்ஏபிபியின் உழைப்பை மதிக்கும் வழியும் அதுதான். அரிய உலோகத்தில் செய்த குண்டு, அடிப்படைத் தவறுகளைத் திருத்துவதற்குச் செலவாகக் கூடாது.

ஊர் கொடுக்கும் விலை

கணக்குப் புத்தகத்தில் வராத செலவும் ஒன்று உண்டு. திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியில் உள்ள சுடுதளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வெளியே பாய்ந்த குண்டு தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். காஷ்மீரில் ராணுவச் சுடுதளமாகக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த தோசா மைதானத்தைச் சுற்றிய மக்கள், வெடிக்காமல் கிடந்த குண்டுகளால் பல ஆண்டுகளாக உயிரையும் கைகால்களையும் இழந்தார்கள். 1964 முதல் நடப்பிலிருந்த அந்தக் குத்தகை 2014இல் முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை.

ஊர்கள் விரிகின்றன, சுடுதளங்கள் நெருக்கப்படுகின்றன. சிமுலேட்டரில் செய்யக்கூடிய பயிற்சியைச் சுடுதளத்தில் செய்து தீர்க்கும் ஒவ்வொரு நாளும் அக்கம்பக்கத்தினர் மீது தேவையற்ற ஆபத்தை ஏற்றுகிறது. சிமுலேட்டருக்கு ஆதரவான வாதங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். பண மிச்சம் இதற்கு அடுத்ததே.

அதே வேளையில் இந்த வாதத்தைச் சாக்காக்கிச் சுடுதளங்களைக் கைவிடவும் முடியாது. மண்மேடும் சுவரும் உயர்ந்த, காவல் உறுதியான சில நல்ல சுடுதளங்கள் தேவை. சிமுலேட்டரால் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதி அவற்றின் பாதுகாப்புக்குப் போக வேண்டும்.

எவ்வளவு போதும்?

விமானப் பயிற்சித் துறை இந்தக் கேள்வியைப் பிறரைவிட முன்பே சந்தித்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க், தம் குடும்பத்தின் ஆர்கன் இசைக்கருவித் தொழிலில் பயன்பட்ட துருத்திகளைக் கொண்டே 1929இல் விமானப் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். 1934இல் தபால் எடுத்துச் சென்ற ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபின்தான் ராணுவம் அதை வாங்கியது.

1971இல் ஆய்வாளர் ஸ்டான்லி ராஸ்கோ ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். சிமுலேட்டரில் 10 மணி நேரம் பயின்றவருக்கு விமானத்தில் 5 மணி நேரம் மிச்சமானால் மாற்று விகிதம் 0.5. 1977இல் ஆர்லான்ஸ்கியும் ஸ்ட்ரிங்கும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, விகிதத்தின் நடுமதிப்பு 0.48 என்று கண்டார்கள். அதாவது இரண்டு மணி நேரச் சிமுலேட்டர் பயிற்சி ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறத்தலை மிச்சமாக்கியது. சிமுலேட்டரை இயக்கும் செலவு விமானச் செலவில் 5 முதல் 20 சதவீதம்தான் என்பதால் அது லாபமே.

ராஸ்கோவின் மற்றொரு முடிவு திட்டமிடுவோருக்கு இன்னும் பெரிது. முதல் சில மணி நேரம் மிகுதியாக மிச்சம் பிடிக்கும். போகப் போக ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்தின் பயனும் சுருங்கும். ஓர் எல்லைக்குப் பின் சிமுலேட்டரில் உட்கார வைப்பது நேரத்தைப் போக்குவதுதான். அந்த எல்லை வேலைக்கு வேலை மாறும். ஆகையால் எத்தனை கருவி வாங்குவது என்ற கேள்விக்கு முன், ஒரு படைப்பிரிவைக் கொண்டு சோதித்து அந்த எல்லையைக் கண்டறிய வேண்டும். நம் கொள்முதல் நடைமுறையில் ஒப்பந்தப்புள்ளிக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்காவது இந்தச் சோதனைக்கு வேண்டும்.

தளபதிக்குச் சுடுதளம் ஏது?

இதுவரை பார்த்தது கை கற்கும் திறமை. முடிவெடுக்கும் திறமைக்கு வந்தால் ஒப்பீடு தலைகீழாகிறது.

1752இல் இந்த ஊரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். திருச்சிக் கோட்டையில் ஆங்கிலேயர் ஆதரவு பெற்ற முகமது அலி. வெளியே முற்றுகையிட்டு சந்தா சாகிப்பும் லா தலைமையிலான பிரெஞ்சுப் படையும். ஆங்கிலேயத் தளபதிகள் லாரன்ஸும் கிளைவும் உதவிக்கு வந்து சேர்ந்ததும் லா பின்வாங்கி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்தார். ஆறும் கோயில் மதில்களும் காப்பாற்றும் என்று நம்பினார். கிளைவ் ஒரு பகுதிப் படையோடு கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் அமர்ந்து, புதுச்சேரிப் பாதையை அறுத்தார். படையை இரண்டாகப் பிரித்ததால் எந்தப் பாதியும் தனியே தாக்கப்படும் அபாயம் இருந்தது. லா அதைப் பயன்படுத்தத் தவறினார். ஜூனில் அவர் சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே பொன்மலை அருகே மீண்டும் போர் மூண்டது.

பின்வாங்குவதா, கிளைவின் பாதிப் படை மீது பாய்வதா என்ற முடிவைப் பழகிப் பார்க்க லாவுக்குச் சுடுதளம் எதுவும் இல்லை. எந்தத் தளபதிக்கும் இல்லை. வீரருக்குச் சிமுலேட்டர் பயிற்சியின் ஒரு பகுதி என்றால், தளபதிக்குப் பயிற்சியின் பெரும்பகுதியே அதுதான். குன்னூர் அருகே வெலிங்டனில் உள்ள பாதுகாப்புச் சேவைகள் அதிகாரிகள் கல்லூரி போன்ற இடங்களில் வரைபடமும் மணல் மாதிரியும் கணினியும் கொண்டு போர் ஒத்திகைப் பயிற்சி நடத்தப்படுவதன் பொருள் இதுவே.

அமெரிக்கா 1980களில் இரண்டையும் ஒருங்கே செய்தது. மொஹாவி பாலைவனத்தின் ஃபோர்ட் இர்வினில் உண்மை டாங்கிகளோடு, லேசர் பொருத்தி, நிலையான ‘எதிரி’ப் படையை வைத்துப் பயிற்சி நடத்தியது. மறுபுறம் சிம்நெட் திட்டத்தில் பல ஊர்களின் டாங்கிச் சிமுலேட்டர்களைக் கணினி வலையில் இணைத்து ஒரே போர்க்களத்தில் மோதவிட்டது. சிம்நெட்டின் சிறப்பு அதன் சிக்கனம்: குழுவாக முடிவெடுக்கக் கற்பிக்க எது தேவையோ அதை மட்டும் துல்லியமாக்கி, மற்றதை எளிமையாக விட்டார்கள். பாலைவனத்தில் புழுதியும் சோர்வும் கற்பித்தன. வலையில் மீண்டும் மீண்டும் தோற்று எழும் வாய்ப்பு கற்பித்தது.

திருச்சி என்ன செய்யலாம்?

சிமுலேட்டரில் பொருத்தும் துப்பாக்கி, எடையிலும் விசையின் இறுக்கத்திலும் தோட்டா மாற்றும் முறையிலும் உண்மை ஆயுதமாகவே இருக்க வேண்டும். அதை ஆயுதத்தைச் செய்த ஆலையைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் யார்? ஹைதராபாத்தில் 1993 முதல் இயங்கும் ஜென் டெக்னாலஜீஸ் போன்ற நிறுவனங்கள் மென்பொருளில் முன்னே போயிருக்கின்றன. துப்பாக்கித் தொழிற்சாலை இயந்திரப் பகுதியையும், தேசிய தொழில்நுட்பக் கழகம் அளவிடும் சோதனையையும் ஏற்றுக்கொண்டால், சிமுலேட்டரில் கற்றது சுடுதளத்தில் எவ்வளவு கைகொடுக்கிறது என்று எண்ணால் சொல்லும் மையமாக இந்த ஊர் ஆகலாம். பகுதிநேர வீரர்களைக் கொண்ட பிராந்திய ராணுவத்துக்கு இது கூடுதலாக உதவும். பயிற்சி நாட்கள் குறைவாக உள்ளவர்களுக்குத் திறமை மங்காமலிருக்க அடிக்கடி சிறு பயிற்சி தேவை.

தளபதிப் பயிற்சிக்குப் பெரிய இயந்திரமும் வேண்டாம். ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட வரலாறு 1752இன் நகர்வுகளை நாள்வாரியாகச் சொல்கிறது. மலைக்கோட்டை மேலே நின்றால் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் கண்ணுக்குத் தெரியும். இளம் அதிகாரிகளை அங்கே நிறுத்தி, லாவின் இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, விடையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். குறைந்த செலவில் கிடைக்கும் சிறந்த பயிற்சிகளுள் அது ஒன்றாக இருக்கும்.

முதலீட்டுத் திட்டம் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எந்தத் திறமை சிமுலேட்டருக்கு, எது சுடுதளத்துக்கு? பயன் சுருங்கத் தொடங்கும் எல்லை எது, யார் சோதித்தார்? கருவியின் விலை போக, அதன் ஆயுட்காலம் முழுவதும் பயிற்றுநருக்கும் மென்பொருள் புதுப்பித்தலுக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத கருவி, சில ஆண்டுகளில் உறை போட்டு மூடிய பெட்டியாகிவிடும். இந்த மூன்றையும் எழுதிவைத்த பிறகே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும்.